எல் கிரான் கோம்போ: உட்கார்ந்து கேளுங்கள்

1979இல் அவர்கள் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பெயர் ‘இங்கே யாரும் உட்காருவதில்லை’. இருந்தாலும், புவேர்ட்டோ ரிக்கோவின் சல்சாக் குழுவான எல் கிரான் கோம்போவை முதன்முறை கேட்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது, தயவுசெய்து உட்காருங்கள் என்பதுதான். சல்சா என்றாலே ஜோடி நடனமும் நடன வகுப்பும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எழுந்து ஆடத் தொடங்கினால் காலடியை எண்ணுவதிலேயே கவனம் தீர்ந்துவிடும். இந்தக் குழு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எதைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது காதுக்கு எட்டாமலே போய்விடும்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 1975இல் வந்த ‘ஊன் வெரானோ என் நுவேவா யோர்க்’, அதாவது நியூயார்க்கில் ஒரு கோடை. எழுதியவர் கியூபாக்காரரான ஹுஸ்தி பர்ரெத்தோ, பாடியவர் ஆண்டி மொந்தாஞெஸ். பிழைப்புக்காக லட்சக்கணக்கில் நியூயார்க்கில் குடியேறிய புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு அந்தக் கோடை என்னவாக இருந்தது என்பதைக் கொண்டாட்டமாகச் சொல்கிற பாட்டு. ஸ்பானிஷ் தெரியாவிட்டால் குற்றமில்லை.

முதல் தடவை பாஸ் வாத்தியத்தை மட்டும் பிடியுங்கள். வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நீங்கள் ‘ஒன்று’ சொல்லும் இடத்தில் பாஸ் பெரும்பாலும் பேசாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு அடி, நான்கில் ஒரு அடி. அந்த நான்காவது அடி அடுத்த சுற்றின் முதலடியை முன்கூட்டியே விழுங்கிவிடும். சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இழுப்பு கொஞ்சம் தெரிந்ததுதான். அங்கே பாட்டு தள்ளி எடுக்கும், இங்கே அடித்தளமே தள்ளி நிற்கிறது. உட்கார்ந்திருக்கிறவரின் தோளும் தானாக அசைவது இதனால்தான்.

சல்சா வழிகாட்டிகள் வழக்கமாக கிளாவேயிலிருந்து தொடங்குவார்கள். இரண்டு சுற்றுகளில் மூன்றும் இரண்டுமாக, அல்லது இரண்டும் மூன்றுமாக விழும் ஐந்து தட்டுகள் அவை. பியானோ, டிரம்பெட், பாடகரின் சொற்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் இந்தக் குழுவின் பாட்டுகளில் பெரும்பாலும் யாரும் அதைத் தனியாகத் தட்டிக் காட்டுவதில்லை. எனவே முதல் நாளே அதைத் தேடி அலைவது வீண் சிரமம் என்பது என் கட்சி. பத்துப் பாட்டு கேட்டபின் அது உங்களைத் தேடி வரும்.

இரண்டாம் தடவை சாக்ஸபோன்களைக் கேளுங்கள். இந்தக் குழுவின் முகவரியே அதுதான். 1970களில் நியூயார்க் சல்சா என்றால் வில்லி கொலோனின் டிராம்போன் போல முரட்டுத்தனமாகக் குரலெழுப்பும் பித்தளை. கிரான் கோம்போவில் டிரம்பெட் இரண்டுக்கு எதிரே ஆல்ட்டோ, டெனார் என்று இரண்டு சாக்ஸபோன்கள். டிராம்போன் 1970களின் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. டிரம்பெட் வெட்டிப் பேச, சாக்ஸபோன் அடியில் வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். காரம் குறையாது, ஆனால் நாக்கில் எரியாது.

இந்த ஒலி அவர்களுக்கு முன்னோர் வழிச் சொத்து. 1950களில் ரஃபாயெல் கோர்த்திஹோ என்ற தாளக்கலைஞர் ஒரு கோம்போ, அதாவது சிறு இசைக்குழு, வைத்திருந்தார். பாடகர் அவருடைய இளமைக்கால நண்பர் இஸ்மாயெல் ரிவேரா. கரும்புத் தோட்ட அடிமைகளின் போம்பா இசையையும், போன்ஸே நகரத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்த பிளேனாவையும் டிரம்பெட், சாக்ஸபோனோடு சேர்த்து, கருப்பினக் கலைஞர்கள் அரிதாகவே தென்பட்ட தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். 1962இல் பனாமாவிலிருந்து திரும்பும்போது ரிவேரா போதைப்பொருள் வழக்கில் கைதானார். குழு உடைந்தது. பியானோ வாசித்த ரஃபாயெல் இத்தியேர் சக கலைஞர்கள் சிலரோடு வெளியேறி, அதே ஆண்டு மே மாதம் எல் கிரான் கோம்போவைத் தொடங்கினார். துரோகம் என்று பேச்சு எழுந்தது. கசப்பு நெடுநாள் நீடித்தது. 1974இல் பழைய குழு ஒரு கச்சேரிக்காக மீண்டும் கூடியது, அந்த மறுகூடலின் பதிவும் இருக்கிறது. அதைக் கேட்டால் கிரான் கோம்போ எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது தெளிவாகும்.

ஒற்றைப் பாடகரை நம்பிய குழு அவர் போனதும் சரிந்ததை இத்தியேர் கண்ணெதிரே பார்த்தவர். அவருடைய இசைக்கோப்புகளை அந்தக் கண்ணோடுதான் கேட்கிறேன். நீண்ட தனி ஆவர்த்தனங்கள் அபூர்வம். அவருடைய பியானோவே சிக்கனமானது. ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி மற்றவர்களுக்குத் தரை போட்டுக் கொடுக்கும். 1977இல் சோதனை வந்தது. பதினைந்து ஆண்டுக் குரலான ஆண்டி மொந்தாஞெஸ், வெனிசுவேலாவின் திமென்சியோன் லத்தீனா குழுவுக்குப் போய்விட்டார். ஜெர்ரி ரிவாஸ் வந்தார். 1973இலேயே சேர்ந்திருந்த சார்லி அபோந்தே உடன் இருந்தார், 1980இல் பாப்போ ரொசாரியோவும் சேர்ந்தார். அந்நாட்களில் மூவரும் மாறி மாறி முன்குரல் பாடினார்கள், மற்ற இருவர் கோரோ, அதாவது பின்குரல், பாடியபடி ஒத்திசைந்து அடிவைத்தார்கள். யூடியூபில் பழைய மேடைப் பதிவுகள் கிடைக்கும். அந்தக் கால்களைப் பார்ப்பதே தனிச் சுகம்.

மூன்றாம் தடவை, பாட்டு இரண்டாகப் பிரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் பாதியில் கதை நடக்கும். பிறகு கோரோ ஒரே வரியைப் பிடித்துக்கொள்ள, முன்குரல் இடைவெளிகளில் புதிது புதிதாகப் பதில் சொல்லும். இந்தப் பகுதிக்கு மொந்துனோ என்று பெயர். அது தொடங்கும்போது பாங்கோ என்ற இரட்டைச் சிறு முரசை வாசிப்பவர் அதை விட்டுவிட்டுக் கையில் ஒரு பெரிய மணியை எடுத்துக்கொள்வார். அந்த உலோகச் சத்தம் நுழைந்ததும் வேகம் கூடியதுபோல இருக்கும். உண்மையில் பெரிதாகக் கூடியிருக்காது.

நகைச்சுவையை விட்டுவிடாதீர்கள். 1983இல் வந்த ‘இ நோ ஆகோ மாஸ் நா’ ஒரு சோம்பேறியின் தினசரிக் குறிப்பு. எழுவார், குளிப்பார், வயிறு முட்டத் தின்பார், தூங்குவார், வேலை மட்டும் செய்யமாட்டார். அவருடைய சோம்பலைப் பாட மொத்தக் குழுவும் துளி பிசகாமல் உழைக்கிறது. அந்த முரண்தான் பாட்டின் ருசி.

2025 ஜனவரியில் புவேர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி வெளியிட்ட ‘நுவேவயோல்’ பாட்டு, ஆண்டியின் 1975ஆம் ஆண்டுக் குரலோடுதான் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் டெம்பௌ தாளம் புகுந்து அதை வேறு திசைக்கு இழுத்துப் போகிறது. அந்த வழியாக வந்த இளைஞர்கள் பழைய பதிவை முழுதாகக் கேட்டால், மொந்துனோவின் கலகலப்பு அங்கே காத்திருக்கிறது.

இந்த ஒலி காதில் பதிந்தபின், 1954இல் போன்ஸேயில் தொடங்கிய லா சொனோரா பொன்சேஞாவுக்குப் போங்கள். அங்கே சாக்ஸபோன் கிடையாது. நான்கு டிரம்பெட்டுகள், நடுவில் பாப்போ லுக்காவின் பாய்ந்தோடும் பியானோ. அதிலிருந்து கிரான் கோம்போவுக்குத் திரும்பும்போது, இத்தியேர் எத்தனை சுரங்களை வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்பது கேட்கும்.