பொட்டும் மாசும்: புள்ளியிடும் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

பலெர்மோ நகரின் சான் தொமேனிக்கோ சதுக்கத்தில், 18ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்ற அமலோற்பவ மாதா தூண் நிற்கின்றது. அவ்வன்னைக்கு ஆண்டுதோறும் டிசம்பர் 8ஆம் நாள் விழா எடுக்கப்பெறும். இத்தாலியர் அவரை 'இம்மக்கொலாத்தா' என வழங்குவர். 'மாக்குலா' இல்லாதவர் என்பது அதன் பொருள். இந்த லத்தீன் சொல் புள்ளியையும் குறிக்கும், கறையையும் குறிக்கும். அதன் வழிவந்த இத்தாலியச் சொல்லான 'மக்கியா'வும் அவ்வாறே. சிறுத்தையின் உடற்புள்ளியும் ஆடையிற்பட்ட மைக்கறையும் அம்மொழியில் ஒரே பெயர் பெறுகின்றன.

தமிழ்க் கத்தோலிக்கர் அவ்வன்னையை அமலோற்பவ அன்னை என்றனர். 'அமலம்' என்பது மலமின்மை. புள்ளியற்றவர் என்று பெயர்க்க எவரும் எண்ணவில்லை. புள்ளியின்மை தமிழில் தூய்மையைக் குறிப்பதில்லை என்பதே காரணம். 1980களுக்குப் பின் பலெர்மோவில் பெருகிய ஈழத்தமிழருள் கத்தோலிக்கரும் உளர், சைவரும் உளர். பெல்லெகிரீனோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா திருத்தலத்திற்கு இருசாராரும் செல்கின்றனர். மாசற்ற அன்னையை வணங்குவோரும் நெற்றியிற் பொட்டிட்டோரும் அங்கு அருகருகே நிற்பதில் தமிழ்ச்சொல்லளவில் முரண் யாதுமில்லை. 'மக்கியா' என்னும் ஒரு சொல்லால் பொட்டைப் பெயர்த்தால் மட்டுமே முரண் தோன்றும்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் பெயர்ச்சொல்லில் மட்டும் வைக்கவில்லை, வினையிலும் வைத்துள்ளது. பொட்டு இடுதல், புள்ளி வைத்தல், தொய்யில் எழுதுதல், வண்ணம் தீட்டுதல் ஆகியவை கையின் செயல்கள். கறையும் மாசும் படியும். அவற்றை எவரும் விரும்பி இடுவதில்லை. சுணங்கோ பரக்கும், அணிந்ததாகவும் சொல்லப்படும். இடுவது கலை, படிவது குற்றம், பரப்பது இயற்கை என்னும் மூவகைப் பாகுபாடு இதனாற் புலப்படும். யானை முகத்துப் புகரும் மயிற்பீலியின் பொறியும் மூன்றாம் வகையின.

அகராதிகளும் உரைகளும் பெரும்பாலும் பெயரை மட்டும் நோக்குவதால் இப்பாகுபாடு மறைந்துவிடுகின்றது. சுணங்கு என்பதற்குத் 'தேமல்' எனப் பொருள் தருவது வழக்கு. உரைகாரர் அதனை அழகின் பெயராகவே ஆண்டனர். இன்றைய பேச்சிலோ தேமல் மருந்திட்டு நீக்க வேண்டிய தோல்நோய். ஆகவே, அவ்வுரையை நம்பிப் பயிலும் மாணவர், தலைவன் வியந்த அழகை நோயாக உணரும் நிலை நேர்கின்றது. பொருள் பிழையன்று, பொருள் கூறப் பயன்பட்ட சொல் காலத்தால் மாறிவிட்டது.

சங்கப் பாடல்களே இதற்கு மாற்றுவழி காட்டுகின்றன. சுணங்கிற்கு வேங்கைப்பூ உவமையாக வருகின்றது. நெடுவெண்ணிலவினார் பாடிய குறுந்தொகை 47ஆம் பாடலில், வேங்கைப்பூ உதிர்ந்த கரும்பாறை புலிக்குட்டி போலத் தோன்றுகின்றது. பாறைமேற் பூவும், புலியின் உடலிற் கோலமும், பெண்ணின் மேனியிற் சுணங்கும் ஒரே காட்சியின் மூன்று வடிவங்கள். வேங்கை என்னும் சொல்லே மரத்திற்கும் புலிக்கும் உரியதாதல் கருதத்தக்கது. எனவே சுணங்கிற்குப் 'பூந்துகள் போலப் பரந்த பொன்னிறப் புள்ளிகள்' என விரித்துரைப்பதே தக்கது. இத்தாலியத்தில் பெயர்ப்போருக்கும் இவ்விரிவே உதவும்.

இதற்கு எதிராக 'மறு' என்னும் சொல்லைக் காட்டலாம். திங்களின் மறுவை உயர்குடிப் பிறந்தாரின் குற்றத்திற்குத் திருக்குறள் உவமையாக்குகின்றது. 'மறுவற்ற' என்பதும் குற்றமற்ற என்றே பொருள்படும். ஆயினும் திருமாலின் மார்பிலுள்ள மறு 'திருமறு' எனப் போற்றப்படுகின்றது. குற்றத்தையும் குறியையும் ஒருங்கே சுமக்கும் இச்சொல்லே மக்கியாவுக்கு மிக நெருங்கியது. இத்தாலியச் சொல்லும் என்றும் இழிபொருளதன்று. 1862இல் நாளிதழ் ஒன்று தொஸ்கானா ஓவியர் சிலரை 'மக்கியாயோலி' என எள்ளியது. வண்ணத்திட்டுகளால் ஓவியம் அமைத்த அவர்கள் அப்பெயரையே தமதாக்கிக்கொண்டனர். ஒரு சொல்லின் மதிப்பு அதனை ஆள்வோரால் மாறும் என்பதை இரு மொழிகளும் காட்டுகின்றன.

ஆதலின் தமிழ்–இத்தாலியச் சொற்றொகை எதுவாயினும், புள்ளிப்பெயர்களை அவற்றிற்குரிய வினைகளோடு சேர்த்தே பதிதல் வேண்டும். பொட்டு 'இடப்படுவது' என்று அறிந்த பலெர்மோத் தமிழ்க் குழந்தை, தன் நெற்றியில் இருப்பது கறையன்று என்பதை இத்தாலியத்திலும் சொல்ல வல்லதாகும். வினையின்றிப் பெயரை மட்டும் கற்ற குழந்தைக்கு அவ்விளக்கம் எளிதன்று.