கடிகாரம் தப்பு, சரி, எவ்வளவு தப்பு?

போன மாதம் பாகூரிலிருந்து தெரிந்த வீட்டு அம்மா கூப்பிட்டார். "பாப்பாவுக்கு காலேஜ் அப்ளிகேஷன் போட நாளைக்குக் கடைசி நாள் தம்பி, நெட்டே வேலை செய்யல" என்றார். வில்லியனூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மோடத்தை நாலு தடவை அணைத்துப் போட்டிருந்தார்கள். கேபிள்காரரைத் திட்டியும் ஆயிற்று. கணினித் திரையின் மூலையில் தேதி 2015 ஜனவரி 1 என்று இருந்தது.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. தமிழில் இரண்டு உதவி வீடியோ பார்த்திருந்தாள். ஒன்று 'சிங்க் நவ்' அமுக்கச் சொன்னது. "அமுக்கினேன் அண்ணா, தேதி மாறவே இல்ல." இன்னொன்று, எச்சரிக்கைப் பக்கத்தைத் தாண்டி உள்ளே போகும் வழியைக் காட்டியது.

என் புகார் இந்த வகை வீடியோக்கள் மீதுதான். அவை பொய் சொல்வதில்லை. ஆனால் டாக்டர் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்காமலேயே மருந்து கொடுக்கின்றன. நேரம் எவ்வளவு தப்பு? எத்தனை கணினியில் தப்பு?

அளவே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். மாதத்துக்கு ஒரு நிமிடம் போல நகர்ந்தால் அது படிகத்தின் இயல்பு. 'சிங்க் நவ்' போதும். சரியாக 5 மணி 30 நிமிடம் பிந்தினால், அதே கணினியில் லினக்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் உள்கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கும். 12½ அல்லது 13½ மணி நேரம் பிந்தினால், நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் கரையில் நிற்கிறது. பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டில் ஒரே ஒரு கணினி தப்பென்றால் கோளாறு அதற்குள்தான். மோடத்தைத் தொட வேண்டியதில்லை.

பாகூர் வீட்டில் பேட்டரிதான். இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி வைப்பது நம்ம ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் பிளக்கில் இருக்கும்வரை உள்கடிகாரத்தைக் கரண்ட் பார்த்துக்கொள்ளும். பிடுங்கிய நேரமெல்லாம் சுமை அந்தப் பேட்டரி மேல்.

தானாக நேரம் திருத்தும் ஏற்பாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. வீட்டு விண்டோஸ் கணினிகளில் அது வழக்கமாக 54,000 வினாடி, அதாவது 15 மணி நேரம். வித்தியாசம் அதற்கு மேல் போனால், வந்த நேரத்தைத்தான் அது சந்தேகப்படும், தன்னை அல்ல. தவறான நேரத்தை யாரும் திணித்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. காவல் நியாயம்தான்; ஆனால் உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் கணினிக்குத்தான் கதவு சாத்தப்படுகிறது. அதைச் சொல்லாத வீடியோ பாதி வீடியோ.

இரண்டாவது வீடியோ இன்னும் மோசம். இணையதளத்தின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2015இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் தளம் உண்மையானதா என்று அதால் உறுதி செய்ய முடியாது. அந்த நிலையில் எச்சரிக்கையைத் தாண்டிப் போய் ஆதார் எண்ணையும் மதிப்பெண் பட்டியலையும் போடு என்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கச் சொல்வது மாதிரி.

செய்தது இவ்வளவுதான்: போனைப் பார்த்து தேதியையும் நேரத்தையும் கையால் போட்டேன், பிறகு 'சிங்க் நவ்'. பக்கம் திறந்தது. ராத்திரி பத்து மணிக்குள் விண்ணப்பம் போனது. மறுநாள் சில பத்து ரூபாயில் புது பேட்டரி.

அந்தப் பெண் கேட்டாள்: "இத அந்த வீடியோவுலயே சொல்லியிருக்கலாமே அண்ணா?" சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட அதிகம் ஆகியிருக்காது.