80 கிராம் அம்பு: ‘ஆரோஸ் வெர்சஸ் ஆர்மர்’ கேட்காமல் விட்ட கேள்வி

இங்கிலாந்துக்காரர்களின் நீளவில் அம்பு, மாவீரர்களின் இரும்புக் கவசத்தைத் துளைக்குமா, துளைக்காதா? 1415-இல் நடந்த அஜின்கோர்ட் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்தச் சண்டையும் கூடவே வரும். 2019-இல் வெளிவந்த ‘ஆரோஸ் வெர்சஸ் ஆர்மர்’ படம் இதற்கு ஒரு நேர்மையான பதிலைத் தேடியது. டாட் டோடெஸ்கினி என்ற ஆயுதக் கைவினைஞர் முன்னின்று எடுத்த படம். வில்லை இழுத்தவர் ஜோ கிப்ஸ். கூடவே கவச வரலாற்று அறிஞர் டோபியாஸ் காப்வெல், ஒரு கவசக் கொல்லர், ஓர் அம்பு செய்பவர். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள், அரை மணி நேரம் வீண் போகாது.

முடிவு தெரிந்ததுதான். 160 பவுண்ட் வில், சுமார் 80 கிராம் அம்பு, 25 மீட்டர் தூரம். நெஞ்சுக்கவசம் துளைபடவே இல்லை. அம்புகள் பட்டுச் சிதறின, சறுக்கி மேலே எகிறின. “பார்த்தீங்களா, நீளவில்லால கவசத்தை ஒண்ணும் பண்ண முடியாது” என்று ஒரு கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். இதற்கு முன் வந்த டிவி சோதனைகள் பலவற்றோடு ஒப்பிட்டால் இது வேற லெவல். ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒரே ஒரு இன்புட்டை வைத்து பெஞ்ச்மார்க் ஓட்டியிருக்கிறார்கள். வில்லின் பலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், கவசத்தின் உலோகத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். அம்பின் எடை மட்டும் மாறாத எண்ணாக அப்படியே நிற்கிறது. கனமான வில்லைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்: இந்த வில்லுக்கு எவ்வளவு கனமான அம்பு?

படம் சரியாகச் செய்தது

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். 160 பவுண்ட் என்றால், நாணை முழுசா இழுத்துப் பிடிக்க 72 கிலோ மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் வில்லுக்கு இருபத்திச் சொச்சம் கிலோதான். பழைய சோதனைகள் பலவற்றில் எழுபது, எண்பது பவுண்ட் வில்லை வைத்துக்கொண்டே ‘போர்வில்’ என்று முடிவு சொல்லிவிடுவார்கள். 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் இழுவிசை நூறு பவுண்டைத் தாண்டும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்ட பிறகு, அந்தப் பழைய சோதனைகளுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. இந்தப் படம் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. வேகத்தையும் கருவி வைத்து அளந்து சொல்கிறது: வில்லை விட்டு கிளம்பும்போது நொடிக்கு சுமார் 55 மீட்டர், 25 மீட்டர் தூரத்தில் சுமார் 52. இப்படி எண்ணைக் கொடுத்ததால்தான் இந்தப் பதிவையே எழுத முடிகிறது.

அம்புக்குப் போகும் பங்கு

வில்லில் சேரும் ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை. வில்லின் இரண்டு கைகளும் நாணும் நகர வேண்டுமே, அவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பால் குளோப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். அம்போடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எடையும் அதே வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் வில்லின் ‘மாய எடை’. ஒரு வில்லுக்கு அது ஏறக்குறைய மாறாது. அப்படியானால் அம்புக்குக் கிடைக்கும் பங்கு = அம்பின் எடை ÷ (அம்பின் எடை + மாய எடை).

ஓர் எடுத்துக்காட்டுக்கு, படத்தில் வரும் வில்லின் மாய எடை 50 கிராம் என்று வைப்போம். இது நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண், அளந்தது அல்ல. படம் தரும் 80 கிராம், நொடிக்கு 55 மீட்டர் என்ற இரண்டையும் இதோடு சேர்த்தால் வில் கொடுக்கும் மொத்த ஆற்றல் 197 ஜூல். இப்போது அம்பை மட்டும் மாற்றிப் பார்ப்போம்:

50 கிராம் அம்பு: வேகம் நொடிக்கு 63 மீட்டர், ஆற்றல் 99 ஜூல்.
80 கிராம் அம்பு: வேகம் 55, ஆற்றல் 121.
100 கிராம் அம்பு: வேகம் 51, ஆற்றல் 131.
120 கிராம் அம்பு: வேகம் 48, ஆற்றல் 139.

லேசான அம்பு வேகமாகப் போகிறது, ஆனால் குறைந்த ஆற்றலோடு போகிறது. மீதி எங்கே? வில்லிலேயே தங்கிவிடுகிறது. முழு வேகத்தில் பேட்டை வீசி, பந்து படாமல் போனால் தோள்பட்டையை ஓர் உலுக்கு உலுக்குமே, அதே கதைதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஸ்ட்ரிக்லாண்ட், ஹார்டி இருவரும் எழுதிய ‘தி கிரேட் வார்போ’ நூலில் 150 பவுண்ட் வில் ஒன்றால் இரண்டு அம்புகளை எய்து பார்த்த விவரம் வருகிறது. 53.6 கிராம் அம்பு 328 மீட்டர் போனது. 95.9 கிராம் அம்பு 250 மீட்டர். எடை கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடியது, தூரம் 24 சதவீதம்தான் குறைந்தது. காற்றே இல்லை என்று வைத்தாலும் அந்தத் தூரம் போக லேசான அம்புக்குக் குறைந்தது 57 மீட்டர் வேகமும், கனமானதற்கு 49.5 மீட்டர் வேகமும் வேண்டும். அதிலிருந்து ஆற்றலைப் போட்டால் லேசானது 86 ஜூல், கனமானது 118 ஜூல். காற்று லேசான அம்பைத்தான் அதிகம் தடுக்கும் என்பதால், உண்மையான வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆனால் போகும் திசை தெளிவு: ஒரே வில், இரண்டு அம்பு, இரண்டு வேறு ஆயுதங்கள்.

கனமாக்கியிருந்தால் கவசம் துளைபட்டிருக்குமா?

படத்தைக் குறை சொல்பவர்களில் ஒரு கட்சி இதைத்தான் சொல்கிறது. “80 கிராம் பத்தாது, 120 கிராம் போட்டிருக்கணும்.” மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். எடையை 50 சதவீதம் கூட்டினால் ஆற்றல் 15 சதவீதம்தான் கூடுகிறது. உந்தம் 30 சதவீதம் போலக் கூடும், அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் படத்தில் நெஞ்சுக்கவசம் மயிரிழையில் தப்பிக்கவில்லை, தெளிவாகவே ஜெயித்தது. நடுவில் தடிப்பாக, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் வடிவம் அது. சாய்வாகப் படும் அம்பு எந்த எடையில் இருந்தாலும் சறுக்கத்தான் செய்யும். ஆகவே 120 கிராமுக்கும் நெஞ்சுக்கவசம் தாங்கியிருக்கும் என்பதே என் ஊகம்.

அப்புறம் எதற்கு இந்தக் குறை? ஏனென்றால், போரில் எல்லோரும் நெஞ்சுக்கவசத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றுவிடுவதில்லை. கை, கால், அக்குள், வளையச் சங்கிலி மட்டும் உள்ள இடங்கள், மெல்லிய தகடுகள் என்று எத்தனையோ இருக்கின்றன. அங்கேதான் 99 ஜூலுக்கும் 139 ஜூலுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆளின் உயிர். இன்னொன்று, தூரம். 25 மீட்டரில் அம்பு இன்னும் களைக்கவே இல்லை. 200 மீட்டரில்தான் கனமான அம்பு தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் லேசானது தளர்வதும் தெரியவரும். எடையையும் மாற்றவில்லை, தூரத்தையும் தள்ளவில்லை. அதனால் படம் தந்த பதில் சரி, ஆனால் அது பதில் சொன்ன கேள்வி மிகச் சின்னது. ‘நீளவில்’ என்ற முழு ஆயுதத்துக்கும் அதைத் தீர்ப்பாக்குவது பார்வையாளர் செய்யும் தவறு. ஒரே எடையைக் காட்டியதன் மூலம் படம் அந்தத் தவறுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

மரத்தில் இருக்கும் தீர்மானம்

ரோஜர் ஆஸ்கம் தன் ‘டாக்ஸோஃபிலஸ்’ நூலை வெளியிட்டது 1545-இல், மேரி ரோஸ் மூழ்கிய அதே வருஷம். போர் அம்புக்கு ஆஷ் மரமே நல்லது, கனமாக இருப்பதால் பலமாக அடிக்கும், ஆஸ்ப் மரத்தால் அது முடியாது என்று வாதாடுகிறார். ஆஸ்ப் என்பது பாப்லர் குடும்பத்து மரம், நம்ம ஊர் தீக்குச்சிக்குப் பயன்படுத்துவார்களே, அந்த வகை. கப்பலில் கிடைத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அம்புகளில் மரம் அடையாளம் கண்டவற்றைப் பார்த்தால் பெரும்பான்மை பாப்லர்! புத்தகம் ஒன்றைச் சொல்ல, ஆயுதக் கிடங்கு வேறொன்றைச் செய்திருக்கிறது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம்? அரை அங்குல விட்டம், 30 அங்குல நீளம் உள்ள ஒரு தண்டு கிட்டத்தட்ட 96 கன சென்டிமீட்டர். பாப்லரில் செய்தால் 43 கிராம், ஆஷில் 65 கிராம். தண்டு நுனியை நோக்கி மெலிந்தால் இரண்டுமே கொஞ்சம் குறையும். தலையும் சிறகும் சேர்வதற்கு முன்பே 20 கிராம் வித்தியாசம். இரும்புத் தலைகள் கடலில் துருப்பிடித்துக் கரைந்துவிட்டன. ஆக, படத்தின் 80 கிராம் என்பது நியாயமான ஒரு தேர்வு, ஒரே தேர்வு அல்ல. அதைப் படம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இரண்டு மரத்திலும் அம்பு செய்து எய்திருந்தால் அற்புதமாக இருந்திருக்கும். ஆஸ்கமுக்கும் கிடங்குக்காரனுக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பே கிடைத்திருக்கும்.

எடையை இஷ்டத்துக்குக் குறைக்கவும் முடியாது. நாண் தள்ளும்போது மரத்தண்டு வளையும். கனமான வில்லுக்கு விறைப்பான தண்டு வேண்டும், இல்லையென்றால் எய்பவன் கையிலேயே உடையும். விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் கூடும், எடை 21 சதவீதம் கூடும். விறைப்பைக் கேட்டால் எடை கூடவே வந்து சேரும்.

வில் வாங்குபவர்களுக்கு

மரபு வில்லாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: ஒரு பவுண்ட் இழுவிசைக்கு 8 முதல் 10 கிரெய்ன் அம்பு எடை. நம் அளவில் பவுண்டுக்கு அரை கிராமிலிருந்து 0.65 கிராம் வரை. 100 பவுண்ட் வில்லுக்கு 52 முதல் 65 கிராம். இதைப் படத்துக்குப் போட்டால் 80 கிராம் என்பது 7.7 கிரெய்ன், கோட்டுக்குச் சற்றே கீழே. ‘தி கிரேட் வார்போ’ அம்புகள் 5.5-உம் 9.9-உம்.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கனமான வில்லை வாங்கி, கடையில் கிடைத்த இருபத்தைந்து கிராம் அம்பைப் போட்டு எய்பவர்கள் இருக்கிறார்கள். அம்பு சும்மா பறக்கும், பார்க்க ஜாலியாக இருக்கும். ஆனால் மிச்ச ஆற்றல் முழுக்க வில்லின் கைகளிலும் நாணிலும் இறங்குகிறது. அம்பே இல்லாமல் நாணை விடுவதற்கு அது பக்கத்து வீடு. அந்த லேசான தண்டு உடைந்தால் சிம்பு போவது இடது கைக்குள். வில் செய்தவர் குறைந்தபட்ச அம்பு எடை சொல்லியிருந்தால் அதுதான் சட்டம். சொல்லவில்லை என்றால் கேளுங்கள். அவரும் சொல்லவில்லை என்றால் கைக்கணக்கின் மேல்பக்கத்திலேயே நில்லுங்கள்.

வில்லுக்கு வில் இது மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். துருக்கிய வில் லேசான அம்பைப் பல நூறு மீட்டர் அனுப்பிப் பெயர் வாங்கியது. மஞ்சூ வில்லின் நுனிக் காதுகள் பெரியவை, கனமானவை. அதாவது மாய எடை அதிகம். நீளமான கனத்த அம்புக்காகவே செய்த வில் அது. அதில் லேசான அம்பைப் போட்டு, ‘இது மந்தமான வில்’ என்று எழுதினால் தப்பு வில்லில் இல்லை.

எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று 24 வயதைத் தாண்டியவர்கள் லேசான வகை அம்புகளை வைத்து 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கில் பயிற்சி செய்யக் கூடாது என்றது. எந்த அம்பு, எவ்வளவு தூரம் என்ற இரண்டையும் சேர்த்தே அந்தச் சட்டம் பேசுகிறது. அடுத்து யாராவது இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தால் மூன்று எடை, இரண்டு தூரம் வைத்துச் செய்யட்டும். மொத்தம் ஆறு கட்டம் கொண்ட ஓர் அட்டவணை, அவ்வளவுதான். என் மாய எடைக் கணக்கு அதில் தப்பாகப் போனாலும் எனக்குச் சந்தோஷமே.