ஜெர்மனியின் மின்சார வாகனக் 'காட்சிச் சாளரங்கள்': ஒரு மதிப்பீடு

2012 ஏப்ரலில் ஜெர்மனியின் நடுவண் அரசு நான்கு பகுதிகளை மின்சார வாகனங்களுக்கான 'காட்சிச் சாளரங்கள்' எனத் தேர்ந்தெடுத்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க், பெர்லின்-பிராண்டன்பர்க், லோயர் சாக்சனி, பவேரியாவும் சாக்சனியும் இணைந்த பகுதி ஆகியவை அவை. கார் நிறுவனம், மின் நிறுவனம், பல்கலைக்கழகம், நகராட்சி எல்லாம் ஒரே கூட்டாகச் சேர வேண்டும். அரசு 18 கோடி யூரோ தரும். 2020க்குள் 10 லட்சம் மின்சார வாகனங்கள் என்பது நாட்டின் இலக்கு.

சாளரம் என்ற பெயர் தற்செயலானதன்று. கடை முகப்பில் பொருள்களை அடுக்கி வைக்கும் கண்ணாடிச் சாளரத்தையே அந்த ஜெர்மன் சொல் குறிக்கிறது. பள்ளிக்கு ஆய்வாளர் வரும் நாளில் வகுப்புச் சுவரெல்லாம் படங்கள் தொங்கும். ஆசிரியனாக நானும் மாட்டியிருக்கிறேன். திட்டத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது.

சாக்சனியைப் பாருங்கள். அங்கே மியூனிக்கையும் லைப்சிக்கையும் இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலையில் 2014இல் விரைவு மின்னேற்றிகள் திறக்கப்பட்டன. நல்ல வேலை. அவற்றில் இருந்த இணைப்பியையே ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டு பொதுத் தரமாக ஏற்றது. ஆனால் அதே சாக்சனியின் காமென்ஸ் நகரில் டைம்லர் நிறுவனத்தின் லி-டெக் ஆலை, கார்களுக்கான லித்தியம்-அயனி மின்கலங்களைத் தயாரித்துவந்தது. போதிய எண்ணிக்கையில் விற்பனை இல்லாததால் செலவு கட்டுப்படியாகவில்லை. 2015 இறுதியில் மின்கல உற்பத்தி நின்றது. காட்சித் திட்டம் அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.

இத்திட்டம் செயல்விளக்கத்துக்கானது, மின்கல ஆய்வுக்கு வேறு நிதி உண்டு என்று பதில் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் மின்சாரக் காரில் விலை மிகுந்த உறுப்பு பேட்டரி. அதைச் செய்யும் கைகள் கலைந்து போகையில், பக்கத்தில் ஓட்டிக்காட்டுவதற்கு மட்டும் கூட்டணி அமைப்பது எந்த வகைத் தொழில் வளர்ச்சி?

இலக்கின் கதை சுருக்கமானது. எட்ட முடியாது என்று 2017இல் பிரதமர் மெர்க்கல் ஒப்புக்கொண்டார். 2021 தொடக்கத்தில் முழு மின்சாரக் கார்கள் ஏறத்தாழ 3.09 லட்சம், வெளியிலிருந்து மின்னேற்றும் கலப்பினக் கார்களைச் சேர்த்தாலும் 6 லட்சத்தைத் தொடவில்லை.

இதற்கிடையே, அந்த நான்கு பகுதிகளிலும் சேராத ஆகன் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 'ஸ்ட்ரீட்ஸ்கூட்டர்' என்ற மின்சார வேன் உருவானது. அதைச் செய்த நிறுவனத்தை 2014இல் ஜெர்மன் அஞ்சல் நிறுவனமே வாங்கி, தன் கடிதங்களையும் பார்சல்களையும் அதில் ஏற்றி வீடுவீடாக அனுப்பியது.