முதல் தேயிலையை உருட்டிய கைகள்

ஹேவாஹெட்ட பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வாழ்ந்த வீட்டின் எச்சமாக ஒரு புகைபோக்கி நிற்கிறது. ஒரு கிணறு இருக்கிறது. மேலே ஏறினால், அவர் உட்கார்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கை. 1852இல் 16 வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டெயிலர், 1867இல் இந்தத் தோட்டத்தின் 7ஆம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் தேயிலை வணிகம் அங்கே பிறந்தது. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 19 ஏக்கரை வெட்டித் துப்புரவாக்கிக் குழி போட்டது யார்? டெயிலரின் முதல் 'தொழிற்சாலை' அவருடைய பங்களா விறாந்தைதான். மேசையில் பரப்பிய கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்திக் கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டிக் காயவைத்தார்கள். இந்நாட்டின் முதல் உருட்டும் இயந்திரம் மனிதனின் முன்கை. புகைபோக்கி நிற்கிறது, கிணறு நிற்கிறது. அந்த முன்கைக்கு உரியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. 1892இல் டெயிலர் இறந்தபோது அவரது உடலை 24 பேர் முறை மாற்றிக் கண்டி வரை சுமந்தார்கள் என்பார்கள். மஹியாவ மயானத்தில் அவருக்குக் கல்லறை உண்டு. சுமந்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள்.

இந்தக் குறையை ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் தீர்த்திருக்கலாம். 1925இல் கட்டிய தொழிற்சாலையைக் காப்பாற்றி 2001இல் திறந்தார்கள். இல்லாவிட்டால் அந்த உருளைகளும் கொதிகலன்களும் பழைய இரும்புக்கே போயிருக்கும். இயந்திர வரலாற்றுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. டெயிலர், லிப்டன் நினைவுப் பொருள்களுக்கும் அங்கே இடம் உண்டு. மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் மடிந்த நம் முன்னோருக்குக் கிடைத்திருக்கும் இடமோ மிகக் குறைவு. தேயிலையின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் அருங்காட்சியகத்துக்கு இது சிறிய தவறல்ல.

கம்பளைக்கு அருகே பீகொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இவற்றைவிட மிகச் சிறியது. கட்டடமே ஒரு பழைய லயம். குனிந்து காம்பராவுக்குள் போனால் விளக்கமே வேண்டாம். ஒரு குடும்பம் பிள்ளை பெற்று, சமைத்து, சாவு கண்டது இத்தனை அடிக்குள்தான் என்று சுவரே சொல்லிவிடுகிறது. கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் தப்பும் அங்கே வேடிக்கைப் பொருள்களாகத் தெரிவதில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனதும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கடலின் இருபுறமும் பிரிந்ததும் இந்தக் காம்பராக்களுக்குள் நடந்த கதை.

அளவிலும் வசதியிலும் ஹந்தானை முந்துகிறது. காலத்தால் லூல்கந்துர மூத்தது. உண்மையின் நிறையில் லயமே முதலிடம். கண்டிக்கு வருகிறவர்கள் முதலில் அங்கே போங்கள், பிறகு ஹேவாஹெட்டவுக்கு ஏறுங்கள். லூல்கந்துரவைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் புகைபோக்கிக்குப் பக்கத்தில், 7ஆம் நம்பர் மலையில் உழைத்தவர்களுக்கும் தமிழில், சிங்களத்தில் ஒரு பலகை நடுங்கள்.