வாசல் மாறினால் வராத மாத்திரை

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்ற மத்தூர்ப் பக்கத்து முதியவர்களுக்கு அது பெரிய விடுதலை. அதன் பலம் மாத்திரையில் மட்டும் இல்லை. ஊர்க்காரப் பெண்ணே வந்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்து, “கால் புண்ணு ஆறிச்சா பாட்டி?” என்று கேட்பதில் இருக்கிறது. முடங்கிய கையை நீட்டி மடக்கப் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்.

ஆனால் இந்த ஏற்பாடு முதியவர் ஒரே வாசலில் இருப்பார் என்று நம்புகிறது. கர்நாடகத்தை ஒட்டிய இந்த எல்லைப் பகுதியில் அது பாதி உண்மைதான். மகனுக்கோ மகளுக்கோ பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் அங்கே, மாங்காய் அறுவடைக்கு இங்கே என்று பெற்றோர் அலைகிறார்கள். எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டினால் அவர்கள் பெயர் யார் பதிவேட்டிலும் இல்லை. பணத்துக்கு இந்தத் தடை இல்லை என்பதுதான் வேடிக்கை. ஆலையில் ஓய்வு பெற்றவர் தன் பி.எஃப். பென்ஷனை 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் எடுக்கலாம்.

கர்நாடகமும் ‘கிருஹ ஆரோக்யா’ என்று வீடு தேடிப் போகும் திட்டம் வைத்திருக்கிறதே, அதில் சேரட்டுமே என்பார்கள். மொழி இடிக்காது, தெலுங்கும் கன்னடமும் வீட்டிலேயே புழங்கும் மாவட்டம் இது. இடிப்பது முகவரி. விருந்தாளியாகப் போனவரின் ஆதாரில் மத்தூர்தான் இருக்கும். சில மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தனுப்பலாமே என்பதும் நியாயமான யோசனை, அவசரத்துக்கு உதவும். ஆனால் மாத்திரை போகும், பிரஷர் பார்க்கும் கை போகாது. பிரஷர் கூடியதா என்று தெரியாமல் பழைய மாத்திரையையே விழுங்கும் ஆபத்தும் உண்டு. ஒரு மாநிலத்தின் வரிப்பணத்தில் அடுத்த மாநிலத்தில் ஊழியர் வைக்க முடியாது என்பது மெய்தான். அப்படி யாரும் கேட்கவில்லை. முன்னுரிமை ரேஷன் அட்டைக்கு 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் கைரேகை வைத்து அரிசி வாங்க முடிகிறது. அரிசிக்குச் செய்த ஏற்பாட்டைச் சிகிச்சைக் குறிப்புக்கும் செய்யலாம். அதுவரை கடைசியாகப் பார்த்த பிரஷர் அளவையும் மாத்திரையின் பெயரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பாட்டியின் பையில் வைத்து அனுப்பினால்கூட அங்குள்ள டாக்டருக்குப் போதும்.