புறாவும் வெள்ளைக் கொடியும்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் ஒரு டீக்கடை. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது நான் அங்கே உட்காருவது வழக்கம். சுவரில் ஒரு டெலிவிஷன் பெட்டி உண்டு. எப்போது போனாலும் அதில் வடிவேலு இருப்பார். பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் வேனுக்குக் காத்திருந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சென்ற மாதம் ஒரு காலையில் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில் வெள்ளைக் கொடி தூக்கும் கட்டம் வந்தது.

சிம்புதேவன் டைரக்ட் செய்து 2006-ல் வெளிவந்த படம் அது. ஆனால் அதை டெலிவிஷன் ஹாஸ்யம் என்று சொன்னாலும் பிசகில்லை. கொட்டகையில் முழுசாகப் பார்த்ததைவிட, வீட்டுக் கூடத்தில் துண்டு துண்டாகப் பார்த்ததுதான் நம்மில் பலருக்கும் நினைவில் நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சிற்றரசன் ஒருவன். ஒரு புறாவை முன்னிட்டு அண்டை நாட்டான் போருக்கு வருகிறான். நம் அரசன் வெள்ளைக் கொடியைக் காட்டிவிடுகிறான். அவ்வளவுதான் சமாசாரம்.

சமாதானத்துக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட சின்னங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று புறா. 1949-ல் பாரிஸில் நடந்த சமாதான மகாநாட்டின் சுவரொட்டியில் பிக்காஸோவின் புறா உட்கார்ந்ததிலிருந்து அதன் மவுசு இன்னும் கூடிவிட்டது. மற்றொன்று வெள்ளைக் கொடி. இந்த ஹாஸ்யத்தில் புறா சண்டை மூட்டுகிறது. கொடி மானத்தை வாங்குகிறது. யுத்தத்துக்கு ராஜதந்திரிகள் சொல்லும் காரணங்களை இதைவிடச் சிக்கனமாகப் பரிகாசம் செய்ய முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பையன், கை ரேகைகளில் அலுமினியப் பொடி வெள்ளியாய்ப் பதிந்திருந்தது, என் பக்கம் திரும்பி, "ஒரு புறாவுக்கு நாலு பேரு சாகணுமா அண்ணாச்சி? அவரு செஞ்சதுதான் சரி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. புலிகேசி எத்தனையோ அக்கிரமம் செய்கிறவன். அவன் செய்கிற புத்திசாலித்தனமான காரியம் இது ஒன்று. அதற்குத்தான் நாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பரிகாசம் யுத்தத்தின் மேல் விழவில்லை, பயந்தவன் மேல் விழுகிறது. அப்புறம் அவனுடைய இரட்டைப் பிறவி உக்கிரபுத்தன் அவன் இடத்துக்கு வந்து வீரம் காட்டும்போது, அதே நாம் கை தட்டுகிறோம். கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வந்தால் தீர்ந்தது என்பது நம் சினிமாவின் பழைய மருந்து. சாப்ளினும் 1940-ல் 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் இப்படித்தான் ஆள் மாறாட்டம் செய்தார். ஆனால் அந்த நாவிதன் சர்வாதிகாரியின் மேடையில் ஏறியதும் சிப்பாய்களைப் பார்த்துப் பேசுகிறான். பேச்சு நீளம்தான், ஹாஸ்யம் அங்கே படுத்துவிடுகிறது. இருந்தாலும் பேசவேண்டியது யாரிடம் என்பது சாப்ளினுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் தெரிந்திருந்த காலம் உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஒளவை, அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றில் 95-வது பாட்டு. உன் வேல்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போல ஒரு குத்து. அதிலும் வீரப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் கிழவி கேலி செய்தது பளபளக்கும் ஆயுதத்தை. ராஜதந்திரத்தில் ஹாஸ்யத்துக்கு அதைவிட நல்ல வேலை கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் சீமைக்கும் ஒரு ஹாஸ்யம் உண்டு. நேரு சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அந்தக் குட்டி ஜப்பானில், பச்சைச் சணல் சுற்றிய ஒரு வெடிக்கு 'ஆட்டம்பாம்' என்று பெயர் வைத்து விற்கிறோம். பெரிய ஜப்பானில் 1945-ல் விழுந்ததை எத்தனை பேர் நினைத்துப் பார்த்து வாங்குகிறார்கள்? வாங்குகிறவர்களுக்குத் தீபாவளி. செய்கிறவர்கள் கதை வேறு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே நாளில் 30 பேருக்கு மேல் கருகிப்போனார்கள். மருந்து வெடித்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை அந்தப் பையனுக்கு எந்த வசனகர்த்தாவும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அவனிடம் இன்னும் கொஞ்சம் பேசவேண்டும் என்றிருந்தது. வேன் வந்து ஹாரன் அடித்தது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். பெட்டியில் புலிகேசி போய், சோப்பு விளம்பரம் வந்திருந்தது.